நீ வரையாமல் விட்ட குசினி வாசல்

மகனுக்கு வாப்பா எழுதுவது. ஸலாத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். இனி ஏசுவதற்கு எனக்கு வசதியாக இருக்கும்.

தொலைபேசியில் பேசினால் என்ன என்று உன் உம்மா கேட்டாள். பேசிப் பார்க்காமலா? எடுக்கும்போதெல்லாம், "மீட்டிங்ல இரிக்கன் வாப்பா, பொறகு எடுக்கன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை கொழும்பில் மீட்டிங்கில் இருக்கிறார். அவரைப் பெற்றவன் பொத்துவில் வரை பஸ் ஏறிப் போய், அவர் செய்த கம்பியூட்டர் கேமுக்கு விளக்கம் சொல்லிவிட்டு வருகிறான். கடிதம் என்றால் நீ இடையில் வெட்ட முடியாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசி. உன் கூட்டாளிகளும் வாசிக்கட்டும். எங்கள் வீட்டை நீ உலகத்துக்கே திறந்து காட்டினாய். என் பதிலை மட்டும் நான் ஏன் பொத்தி வைக்க வேண்டும்?

கேம் ஜாம் என்றால் என்னவென்று உன் தங்கச்சி ஹஸ்னாதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு தலைப்புத் தருவார்களாம். ஞாயிறு பின்னேரத்துக்குள் எல்லாரும் அந்த ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கேம் செய்து கொடுத்துவிட வேண்டுமாம். இந்த முறை வந்த தலைப்பு வீடு. இதில் எனக்குப் புதுமை ஒன்றும் தெரியவில்லை. என் கடைக்கு வந்து "ஒரு பூட்டுத் தாங்க" என்று கேட்கிறவர்களில் ஒருவர் ஆட்டுக்கொட்டிலுக்குக் கேட்பார், ஒருவர் புதுப்பெண்ணின் அலுமாரிக்குக் கேட்பார், இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடித்த கோபத்தில் கேட்பார். கேட்ட சொல் ஒன்றுதான், மனசில் இருக்கிற கதவு வேறு. இத்தனை வருசமாகப் பூட்டும் கதவுப் பிணைச்சலும் விற்கிறவனுக்கு இது விளங்காதா? விளங்கும். எனக்கு விளங்காமல் போனது, உன் மனசில் இருந்த கதவு மட்டும்தான்.

ஹஸ்னா அஸர் தொழுகைக்குப் பிறகு லெப்டொப்பைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தாள். அம்புக்குறிகளை அழுத்தினால் அந்தச் சின்னப் பொடியன் நடப்பான் என்றாள். நடந்தேன். நடக்க நடக்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நம் பச்சைக் கேற், நம் தண்ணீர்த் தாங்கி, மதிலோரத்து முருங்கை, உன் உம்மா தைத்த யன்னல் சீலை, கால் முறிந்து கம்பியால் கட்டிய பிளாஸ்டிக் கதிரைகூட அப்படியே இருந்தது. மாஷா அல்லாஹ், என் மகன் நம் வீட்டை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறான் என்று உன் உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேற்றடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போய் அழுத்தினால், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மறுபடியும் அழுத்தினால் மறுபடியும் அதையே கேட்டார். எத்தனை முறை அழுத்தினாலும் அந்த மனிசனுக்கு வேறு கதையில்லை. அது யார் என்று நான் கேட்டேன். ஹஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். உன் உம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

பிறகுதான் உன் விளையாட்டு தொடங்கியது. வீட்டில் ஒரு தங்கச்சி வளர்கிறாள். அவள் வளர வளர அந்தப் பொடியனுக்கு ஒவ்வொரு அறையாகப் பூட்டுப்படுகிறது. கடைசியில் கையில் ஒரு பேக்கோடு கேற்றுக்கு வெளியே நிற்கிறான். கேற் மூடிக்கொள்கிறது. நடந்து போனால் இன்னொரு வீடு, மனைவியின் வீடு. அங்கே அவன் ஒரு கதிரையை யன்னலடிக்கு இழுக்கிறான். அறையைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் கதிரை பழைய இடத்தில் இருக்கிறது. எத்தனை முறை இழுத்தாலும் அது அங்கேதான் போய் நிற்கிறது. வேறு வழியில்லாமல் அவன் அந்த வீட்டுக் கேற்றடியில் போய் உட்கார்கிறான். அந்த வழியால் ஒரு சின்னப்பிள்ளை வருகிறது. இவன் வாயைத் திறக்கிறான்: "சாப்பிட்டியா?" அதோடு முடிகிறது.

நம் கரையை அறியாத உன் கூட்டாளிகளுக்காக ஒரு வரி எழுதிவிடுகிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் அப்படித்தான் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதில் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். யாரும் யாரையும் துரத்துவதில்லை. மழை பெய்தால் வேளாண்மை விதைப்பதுபோல, அது அதன்பாட்டில் நடக்கிறது. அதை நீ பிழை என்று சொல்லு, சரி என்று சொல்லு, அது உன் கருத்து. ஆனால் விளையாடி முடித்ததும் ஹஸ்னா சொன்னதைக் கேள்: "நான் இந்த ஊட்டக் கேட்டனா வாப்பா? நான் பொறந்த அண்டே எனக்கெண்டு செல்லிட்டீங்க. ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. இப்ப காக்காட கேம்ல நான்தான் கள்ளி." காக்கா என்று அவள் சொல்வது அண்ணன் உன்னைத்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கதிரை என்னுடையது. கல்யாணம் முடித்த புதுசில் கடற்காற்று வரட்டும் என்று கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டதும், விடிந்து பார்த்தால் அது சுவரோரத்துக்குத் திரும்பியிருந்ததும், நான் சோறு தின்னும்போது உங்களுக்குப் பகிடியாகச் சொன்ன கதை. முதலில் வருகிற யோசனையை எறிய வேண்டும், அது எல்லாருக்கும் வரும் என்று நீ ஹஸ்னாவுக்குச் சொன்னாயாம். நல்லது, எறிந்தாய். இரண்டாவதையும் எறிந்தாயாம். மூன்றாவதை என் சோற்றுப் பீங்கானிலிருந்து எடுத்துக்கொண்டாய். வாப்பா, உங்கட கதைய எடுக்கவா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இப்போது முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் அதன் கீழே, கதிரையைப் பார்த்துக் கண் கலங்கியது என்று எழுதுகிறார்கள். நான் பகிடியாகச் சொன்னதற்கு ஊரான் அழுகிறான்.

இத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மணப்பெண் சுமையாவின் தம்பி அதைத் தன் வாப்பாவிடம் காட்டிவிட்டான். மறுநாள் காலை கடை திறக்க முதலே பொத்துவில் சம்பந்தி தொலைபேசியில் எடுத்தார். சுகம் விசாரித்தார், வேளாண்மை பற்றிச் சொன்னார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "காக்கா, எங்கட ஊட்டுல மாப்பிளைக்கி ஒரு கதிரைய நகத்தக்கூட ஏலாதாமே?" நான் என்ன சொல்வேன்? அது சும்மா விளையாட்டு என்றேன். "வெளயாட்டுத்தான். ஆனா ஊரே வெளயாடுதே. விருப்பமில்லாட்டி இப்பவே செல்லச் சொல்லுங்க காக்கா, பொறகு எல்லாருக்கும் வெக்கம்" என்றார். அன்றைக்கு உனக்கு எடுத்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய்.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு போகிற ஆள் இல்லை. பொத்துவிலுக்குப் போக முதல் ஹஸ்னாவோடு இருந்து மற்றப் பிள்ளைகள் செய்த கேம்களையும் விளையாடிப் பார்த்தேன். உன் தலைப்பை மற்றவன் எப்படிப் பார்த்தான் என்று தெரிந்தால்தானே உனக்காக நான் வாதாட முடியும்? மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி நண்டு செய்திருக்கிறாள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அது வளர வளரச் சங்கு இறுகுகிறது. வெளியே வந்து வேறு சங்கு தேடும்போது, உடம்பில் ஓடில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு நெஞ்சு படபடத்தது. நம் கடற்கரையில் நாம் மிதித்துக்கொண்டு போகிற நண்டுதான், ஒருநாளும் நான் அப்படி யோசித்ததில்லை. இன்னொருவர் இரவு பஸ்ஸில் ஒரு ஸீட்டைத்தான் வீடு என்கிறார். பேக்கை எங்கே வைப்பது, காலை எங்கே நீட்டுவது, பக்கத்தில் தூங்கி விழுகிறவனின் தலையை என்ன செய்வது, அவ்வளவுதான் விளையாட்டு. விழுந்து விழுந்து சிரித்தேன். மலைநாட்டுப் பொடியன்மார் இரண்டு பேர் மண்சரிவு செய்திருக்கிறார்கள். மழை கூடிக்கொண்டே போகும், வீட்டிலிருந்து என்னென்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று நீ தீர்மானிக்க வேண்டும். நான் எதையும் தூக்காமல் ஆட்களை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு மலை, நமக்குக் கடல். அதில் என்ன செய்ய வேண்டும் என்று சுனாமியைப் பார்த்த சாய்ந்தமருதுக்காரனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒருவர் திரையை முழுவதும் இருட்டாக்கிவிட்டார். தண்ணீர்க் குழாயின் சத்தத்தையும் அடுத்த வீட்டு நாயின் குரைப்பையும் வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவேயில்லை. உன் உம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்யலாமா என்று எனக்கு வியப்புத்தான். அதனாலேயே எரிச்சலும் கூடியது. நண்டு இருந்தது, பஸ் இருந்தது, இருட்டு இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதத்தில், மாமனார் வீட்டுக் கதிரைதானா உனக்குக் கிடைத்தது? கொஞ்சம் பொறுத்து, பிள்ளை பிறந்த பிறகு செய்திருக்கக் கூடாதா?

ஒரு பெட்டி மஸ்கத் இனிப்பும் ஹஸ்னாவும் லெப்டொப்புமாகப் பொத்துவிலுக்குப் போனேன். சம்பந்தி வாசலிலேயே நின்றார். முதலில் வீட்டைத்தான் சுற்றிக் காட்டினார். மேல்மாடியில் உனக்கும் சுமையாவுக்கும் அறை. தரைக்கு டைல் பதித்து, கீறல் விழாமல் மேலே மட்டை விரித்து வைத்திருக்கிறார். நீ கம்பியூட்டர் வேலைக்காரன் என்று யன்னல் பக்கம் நீளமாக ஒரு மேசை கட்டி, கரண்ட் பிளக் மட்டும் வரிசையாக வைத்திருக்கிறார். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அந்த மனிசனின் எத்தனை போக வேளாண்மையை அந்த மாடி தின்றதோ, அவர் சொல்லவில்லை. எனக்குத் தலைநிமிர முடியவில்லை, மகன். அந்த மேசையைத் தடவிக்கொண்டு நின்றபோது உன்மேல் வந்த கோபம் வேறு எப்போதும் வந்ததில்லை.

தேத்தண்ணீர் வந்தது. நான் ஹஸ்னாவை வைத்து ஒவ்வொரு கேமாகக் காட்டி, ஒரே தலைப்பை ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக எடுப்பதுதான் இதன் முறை, இதில் வருகிறது எல்லாம் கற்பனை என்று விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். நண்டு அவருக்கும் பிடித்துக்கொண்டது. கடைசியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரி காக்கா. நண்டச் செஞ்ச புள்ளைக்கி நண்டு வந்திருக்கு, பஸ்ஸில போறவனுக்கு பஸ் வந்திருக்கு. நம்மட மாப்பிளைக்கி மட்டும் ஏன் மாமனார்ட கதிர வந்த?"

உங்கள் நடுவர்கள் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா? எனக்கு ஓடித் தப்ப வழியில்லை. "அது உங்கட கதிர இல்ல மச்சான், என்ட கதிர" என்றேன். புது மாப்பிள்ளையாக நான் பட்ட பாட்டை, இந்த முறை பகிடி இல்லாமல், இருந்தபடியே சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஹஸ்னா பக்கத்தில் இருந்தாள். சொல்லி முடித்ததும் சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். "நானும் இந்த ஊட்டுக்கு வந்த மாப்பிளதானே காக்கா! கட்டில யன்னலடிக்கி இழுத்துப் போட்டன். இண்டைக்கும் அது சுவரடியிலதான் கெடக்கு." இரண்டு கிழவன்மாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கல்யாணம் அந்தச் சிரிப்பில் தப்பியது. அதை நீ தெரிந்துகொள்.

நாங்கள் சிரித்து ஓய முதல் வாசல் சீலைக்கு அந்தப் பக்கமிருந்து சுமையாவின் குரல் வந்தது. "மாமா, ஒண்டு கேக்கவா? நானும் அந்தக் கேம வெளயாடின. அந்த ஊட்டுல இரிக்கிற பொண்ணுக்கு ஏன் ஒரு கதையும் இல்ல? அந்தக் கதிரைய ஆரு திருப்பி வெச்ச, ஏன் வெச்ச எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே. அவரச் செல்லுங்க, அடுத்த முற அந்தப் பொண்ண நடக்க வெச்சு ஒரு கேம் செய்யட்டாம்." சம்பந்தி "புள்ள!" என்று அதட்டினார். ஆனால் அவள் கேட்டது கேட்டதுதான்.

அதற்குப் பதில் எங்கள் வீட்டில் இருந்தது. ஹஸ்னா வந்ததும் வராததுமாக உம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். உன் உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து நின்றாள். "சம்பந்தி ஊட்டுல போய் என்ன செல்லிட்டு வாறீங்க? கதிரைய நான்தான் திருப்பி வெச்சன். வாடைக் காலத்துல அந்த யன்னலால மழை அடிக்கும், இரிக்கிற கதிரையெல்லாம் நனையும். கேட்டிருந்தாச் செல்லியிருப்பன். இத்தின வருசமா வாயத் தொறந்து கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லைதான். புது மாப்பிள்ளை கேட்க மாட்டான், கௌரவம். பெண்வீட்டார் சொல்ல மாட்டார்கள், மரியாதை. இதற்கு நடுவில் ஒரு கதிரை என் வாழ்க்கை முழுவதும் எனக்கு அவமானமாக இருந்து, உனக்குக் கலையாகி, ஊரானுக்குக் கண்ணீராகிவிட்டது. மழைக்காக நகர்த்திய கதிரை! எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. அதனால் அதையும் உன்மேலேயே போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் முழுவதிலும் புத்தி என்று ஒன்று சொல்வதானால் இதுதான்: பொத்துவிலில் எந்தக் கதிரை எங்கே போனாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு கேற்றடியில் போய் உட்காராதே. அவளிடம் கேள். அவள் சொல்வாள். சீலைக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்கிறவள், பக்கத்தில் இருந்தால் சொல்லாமலா விடுவாள்?

இனி நான் மற்றவர்களிடம் பேசாத விசயத்துக்கு வருகிறேன். உன் கேமில் கேற் மூடிக்கொண்டதல்லவா? எல்லாரும் அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுகிறார்களாம். நான் நடக்கவில்லை. அந்தப் பொடியனைத் திருப்பி, மதிலோரமாக, முருங்கையடியால் பின்னுக்குக் கொண்டுபோனேன். அங்கே குசினி வாசல் இருக்க வேண்டும். நீ முருங்கையை வரைந்திருக்கிறாய், தாங்கியை வரைந்திருக்கிறாய், கம்பி கட்டிய கதிரையை வரைந்திருக்கிறாய். குசினி வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர். அதில் அவனை முட்ட முட்ட விட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

உனக்கு எடுத்துக் கேட்டேன். அந்த ஒருமுறை மட்டும் நீ மீட்டிங்கில் இல்லை. "நேரம் போதல்ல வாப்பா, அதெல்லாம் செய்ய ஏலாமப் போச்சு" என்றாய். சரி, இப்போதாவது வைத்துவிடு என்றேன். "ஜாம் முடிஞ்சா மாத்த ஏலாது வாப்பா, அதுதான் சட்டம்" என்றாய். நேரம் போதாமல் விட்டாயா, அப்படி ஒரு வாசல் உன் ஞாபகத்திலேயே இல்லையா? இதை நினைத்துத்தான் எனக்கு இத்தனை நாளும் சோறு இறங்கவில்லை. கதிரை, சம்பந்தி, ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து நான் எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியும். கல்முனைக்குடியில் நான் பிறந்த வீட்டுக்கு. அது இப்போது என் கூடப்பிறந்தவள், உன் மாமியின் வீடு. அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. அந்த வீட்டின் முன்வாசலால் நான் கடைசியாக வெளியே வந்தது மாப்பிள்ளைக் கோலத்தில். அதற்குப் பிறகு ஒருநாளும் முன்வாசலால் போனதில்லை. பின்னால் போவேன், ஸலாம் சொல்வேன், சட்டியைத் திறந்து என்ன கறி என்று பார்ப்பேன். மாமி ஏசுவாள். முன்வாசலால் வருகிறவன் விருந்தாளி. நம் கரையில் வீட்டை விட்டுப்போன ஆண்பிள்ளை எல்லாரும் குசினி வாசலால்தான் திரும்பி வருகிறார்கள், நீ சின்னப்பிள்ளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தும் இருக்கிறாய். வீட்டை இவ்வளவு கூர்ந்து பார்த்த உனக்கு அது மட்டும் கண்ணில் படவில்லையே!

தலைப்பைப் பார்த்த விதத்துக்கு உனக்கு ஒரு பாராட்டு வந்ததாம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைக்கு வந்தவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் உன் கேமை உன் சட்டப்படி மாற்ற முடியாது என்றால், என் வீட்டை நான் என் சட்டப்படி நடத்துகிறேன். நேற்று கடையிலிருந்து புதுப் பிணைச்சல் கொண்டுவந்து குசினிக் கதவுக்குப் போட்டிருக்கிறேன். பழையது கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உம்மா கள்ளன் வருவான் என்று சத்தம் போடுகிறாள். வரட்டும்.

கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் முதல் முறை வரும்போது, சுமையா புதுப்பெண், அவள் முன்வாசலால் வரட்டும். நாங்கள் எல்லாரும் அங்கே நிற்போம். நீ பின்னால் வா. கேற்றடியில் நின்று பெல் அடித்தாயோ, நான் திறக்க மாட்டேன்.